எமோஜியும் ஓர் எழுத்துதான்: தேடித் தட்டுவது முதல் இணையப் பக்கத்தில் வைப்பது வரை

தீபாவளி வாழ்த்து எழுதி, முடிவில் 🪔 வைத்து அனுப்புகிறீர்கள். உங்கள் போனில் அழகான அகல்விளக்கு. அத்தையின் பழைய போனிலோ அதே இடத்தில் வெறும் கட்டம். படம் வழியில் தொலைந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் படம் எதுவும் அனுப்பப்படவே இல்லை. போனது 129684 என்ற எண் மட்டும். அந்த எண்ணுக்குரிய படத்தை அத்தையின் போன் தன்னிடமுள்ள எழுத்துருவிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். அதன் எழுத்துரு 2019-க்கு முந்தையது. அகல்விளக்கு எமோஜிப் பட்டியலில் சேர்ந்ததே 2019-இல்தான். புடவை 🥻, ஆட்டோ 🛺, கோயில் 🛕 மூன்றும் அதே ஆண்டில் வந்தவை.

இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் எளிது. எமோஜி ஓர் எழுத்து. பெயரே அதைத்தான் சொல்கிறது: ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. ஆங்கில 'எமோஷன்' சொல்லோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். 1999-இல் ஜப்பானின் டோகோமோ நிறுவனம் தன் கைப்பேசிச் சேவைக்காக 176 படவெழுத்துகளை வெளியிட்டது. ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிகளில் வரையப்பட்டது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுத் தரம் யூனிகோடு. 2010-இல் அதன் 6.0 பதிப்பு வந்தபோது, தமிழுக்கு எப்படி ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் உண்டோ அப்படியே எமோஜிகளுக்கும் நிலையான எண்கள் கிடைத்தன. இன்று 3,700-க்கும் மேற்பட்ட எமோஜிகள் உள்ளன.

யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. யூனிகோடு வருவதற்கு முன் தமிழுக்கு நேர்ந்த எல்லாச் சிக்கலும் எமோஜிக்கும் நேரும். தீர்வுகளும் ஏறக்குறைய அவையேதான்.

எங்கே இருக்கிறது, எப்படித் தட்டுவது

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் ஜிபோர்டு கீபோர்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், இடைவெளிப் பட்டைக்கு அருகில் சிரித்த முகப் பட்டன் இருக்கும். தமிழ்த் தட்டச்சுக்கு மாறும்போது இடப் பற்றாக்குறையால் அது மறைந்துவிடலாம். அப்போது காற்புள்ளி விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். எமோஜிப் பலகை திறந்ததும் மேலே தேடல் பெட்டி வரும். நூற்றுக்கணக்கான முகங்களை விரலால் தள்ளித் தள்ளித் தேடுவதைவிட அதில் ஒரு சொல்லைத் தட்டுவது எத்தனையோ மேல்.

ஐபோனில் கீபோர்டின் அடியில் முகப் பட்டன் அல்லது உருண்டைப் பட்டன். இரண்டும் காணவில்லை என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, கீபோர்ட்ஸ் என்று போய், புதிய கீபோர்டாக எமோஜியைச் சேருங்கள். கைகள், மனிதர்கள் போன்றவற்றை அழுத்திப் பிடித்தால் தோல் நிறங்கள் விரியும். ஆண்ட்ராய்டிலும் அப்படியே.

விண்டோஸ் 10, 11 கணினிகளில் விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு முற்றுப்புள்ளியைத் தட்டினால் எமோஜிப் பலகை வரும். பலருக்கு இந்தக் குறுக்குவழி தெரியாமலே காலம் ஓடுகிறது. பலகை திறந்தவுடன் சொல்லைத் தட்டத் தொடங்கினால் போதும், அது தேடும். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், இடைவெளி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கூகுள் டாக்ஸில் இன்சர்ட் பட்டியலிலேயே எமோஜி இருக்கிறது.

எந்த வழியும் கைகொடுக்காத இடத்தில் எமோஜிபீடியா தளத்துக்குப் போங்கள். பெயரைத் தேடி, எமோஜியை நகலெடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்டலாம். அதே எமோஜி ஆப்பிள், கூகுள், சாம்சங், மைக்ரோசாஃப்ட் கருவிகளில் எப்படித் தெரியும் என்பதையும் அங்கே அடுத்தடுத்துப் பார்க்கலாம். இதை ஒருமுறையாவது பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது. துப்பாக்கி எமோஜியை ஆப்பிள் 2016-இல் நீர்த்துப்பாக்கியாக மாற்றியது, மற்றவர்கள் பெரும்பாலும் 2018-இல்தான் மாற்றினார்கள். இடைப்பட்ட காலத்தில் ஒருவர் விளையாட்டாக அனுப்பிய நீர்த்துப்பாக்கி மறுமுனையில் உண்மைத் துப்பாக்கியாகப் போய் நின்றது.

புதியவர்கள் பெரிதும் குழம்புவது ஸ்டிக்கரில். ஜிபோர்டில் இரண்டு எமோஜிகளைக் கலந்து உருவாக்கும் புது முகங்கள், வாட்ஸ்அப் ஸ்டிக்கர்கள் எல்லாம் படங்கள். அவற்றை எழுத்துப் பெட்டியிலோ கோப்பின் பெயரிலோ மின்னஞ்சல் தலைப்பிலோ ஒட்ட முடியாது. ஒட்டியபின் வாக்கியத்தின் நடுவே எழுத்தோடு எழுத்தாக உட்கார்ந்தால் அது எமோஜி, தனியாகப் பெரிதாகப் போய் விழுந்தால் ஸ்டிக்கர்.

உயிர்மெய் போல ஒட்டுபவை

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி மிக எளிது. 'நி' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது 'ந', அதைத் தொடர்ந்து இகரக் குறி என இரண்டு. பல எமோஜிகளும் இப்படித்தான் கட்டப்படுகின்றன.

பெண் விவசாயி 👩‍🌾 தனி எமோஜி அல்ல. பெண் 👩, அடுத்து கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி, அடுத்து நெற்கதிர் 🌾. அந்த இணைப்புக் குறியின் எண் 8205, அகலம் சுழியம். 👍🏽 என்பது கட்டைவிரலும் அதற்குப் பின் ஒரு நிறக்குறியும். 2015-இல் வந்த ஐந்து நிறக்குறிகளின் எண்கள் 127995 முதல் 127999 வரை. இந்தியக் கொடி 🇮🇳 இரண்டு சிறப்பு எழுத்துகளின் சேர்க்கை, 127470-உம் 127475-உம். இலங்கைக் கொடிக்கு 🇱🇰 127473-உம் 127472-உம்.

இதனால் விளைவது என்ன? பழைய கருவி அந்தச் சேர்க்கையை அறியாவிட்டால் பிரித்துக் காட்டும்: பெண் தனியே, நெற்கதிர் தனியே. சில செயலிகளில் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டினால் 'நி' போய் 'ந' மிஞ்சுகிறதல்லவா, அதுபோல விவசாயி போய்ப் பெண் மட்டும் நிற்பாள். கொடிகளில் இன்னொரு சங்கதி உண்டு. விண்டோஸின் எமோஜி எழுத்துருவில் நாட்டுக்கொடிகள் கிடையாது. குரோமிலும் எட்ஜிலும் இந்தியக் கொடி இரண்டு ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். ஃபயர்பாக்ஸ் தனக்கென ஓர் எமோஜி எழுத்துருவை வைத்திருப்பதால் அதில் கொடி தெரியும். உங்கள் பக்கத்தில் கொடி கட்டாயம் தெரிய வேண்டும் என்றால் எமோஜியை நம்பாமல் படமாகவே வையுங்கள்.

உரையைச் 'சுத்தம்' செய்யும் நிரல்கள் கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் குப்பை என்று நினைத்து நீக்குவது உண்டு. அப்படி நீக்கினால் எமோஜி உடையும். கூடவே தமிழும் அடிபடும். 'க்ஷ' என்று ஒட்டாமல் 'க்‌ஷ' என்று பிரித்துக் காட்ட நாம் இடும் பிரிப்புக் குறியின் எண் 8204. எமோஜி இணைப்புக் குறிக்குப் பக்கத்து வீடு. ஒன்றைத் துடைக்கும் நிரல் பெரும்பாலும் மற்றதையும் துடைத்துவிடும்.

இணையப் பக்கத்தில் வைப்பது

(கீழே நிரல் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும்.)

1. கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். குறியாக்கம் என்பது எழுத்துகளின் எண்களைக் கோப்பில் பைட்டுகளாக எழுதிவைக்கும் முறை. நோட்பேடில் 'சேவ் ஆஸ்' பெட்டியின் அடியில் 'என்கோடிங்' என்று ஒரு தேர்வு இருக்கும். 2019-க்குப் பிந்தைய விண்டோஸில் யுடிஎஃப்-8 தானாகவே தேர்வாகியிருக்கும். அதற்கு முந்தையதில் 'ஆன்சி' என்ற பழைய குறியாக்கம் இருக்கும், அதை மாற்றியே ஆக வேண்டும்.

2. பக்கத்தின் ஹெட் பகுதியில் முதல் வரியாகவே மெட்டா சார்செட் குறிச்சொல்லில் யுடிஎஃப்-8 என்று அறிவியுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இந்த அறிவிப்பு வந்துவிட வேண்டும் என்பது விதி. நீண்ட நிரல்களுக்குக் கீழே இதைத் தள்ளிவிட்டால் உலாவி தானாக ஊகிக்கத் தொடங்கும், ஊகம் தவறலாம். பக்கத்தை அனுப்பும் வழங்கி (சர்வர்) தன் பங்குக்கு வேறு குறியாக்கத்தை அறிவித்தால் உலாவி வழங்கியின் சொல்லையே எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தும் கோளாறு என்றால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

3. எமோஜியை நேரடியாக ஒட்டுங்கள். தமிழை எப்படித் தட்டுகிறீர்களோ அப்படியே. இதுவே நல்ல வழி.

4. நேரடியாக ஒட்ட முடியாத பழைய தொகுப்பிகளில் (எடிட்டர்களில்) எண்ணாக எழுதலாம். 😀 வேண்டுமென்றால் 😀 என்றும், 🙏 வேண்டுமென்றால் 🙏 என்றும் எழுதுங்கள். விவசாயிக்கு 👩‍🌾 என மூன்றையும் இடைவெளி விடாமல் எழுத வேண்டும். கடைசி அரைப்புள்ளியை விட்டுவிடாதீர்கள். வலைப்பதிவுத் தளங்களில் இதைச் சாதாரண எழுதும் பெட்டியில் தட்டினால், எண்ணே எழுத்தாகப் பக்கத்தில் தெரியும். எச்டிஎம்எல் காட்சிக்கு மாறி அங்கே தட்ட வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. எதுவும் சொல்லாமல் விட்டாலும் உலாவி தானே எமோஜி எழுத்துருவைத் தேடிக்கொள்ளும். பெரும்பாலான பக்கங்களுக்கு அதுவே போதும். நீங்களே பட்டியலிடுவதாக இருந்தால் வரிசை முக்கியம்: முதலில் உங்கள் தமிழ் எழுத்துரு, கடைசியில் ஆப்பிள் கலர் எமோஜி, செகோ யுஐ எமோஜி, நோட்டோ கலர் எமோஜி. இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, "என் பக்கத்தில் ஆண்டு எண்கள் மட்டும் ஏன் விலகி விலகித் தெரிகின்றன?" என்று விழிப்பவர்கள் உண்டு. காரணம் இதுதான்: கட்டத்துக்குள் எண் இருக்கும் எமோஜிகளை 1️⃣ உருவாக்குவதற்காக எமோஜி எழுத்துருக்களுக்குள்ளேயே 0 முதல் 9 வரையிலான எண்கள் இருக்கின்றன. அந்த எழுத்துரு முதலில் நின்றால், உங்கள் பக்கத்தின் எல்லா எண்களையும் அதுவே பிடித்துக்கொள்ளும்.

எமோஜியின் அளவை ஃபான்ட்-சைஸ் கொண்டு மாற்றலாம். நிறத்தை கலர் கொண்டு மாற்ற முடியாது, ஏனெனில் நிறம் எழுத்துருவுக்குள்ளேயே இருக்கிறது.

கறுப்பு இதயமும் சிவப்பு இதயமும்

❤, ✔, ☎ போன்றவை எமோஜிக்கு முன்பிருந்தே யூனிகோடில் வெறும் குறிகளாக இருந்தவை. ஆகவே அவற்றுக்கு இரண்டு வேடம்: கறுப்பு வெள்ளைக் குறி ஒன்று, வண்ண எமோஜி ஒன்று. எந்த வேடம் என்று நீங்கள் சொல்லாவிட்டால் கருவி தன் விருப்பப்படி முடிவு செய்யும். ஒரு போனில் சிவப்பு இதயம், இன்னொரு கணினியில் கறுப்பு இதயம் என்று வருவது இதனால்தான். சிவப்பு வேண்டுமென்றால் ❤️ என்று எழுதுங்கள். பின்னால் நிற்கும் 65039 'வண்ணத்தில் காட்டு' என்று சொல்லும் குறி. கறுப்புக் குறியே வேண்டுமென்றால் பின்னால் 65038. போன் பலகையிலிருந்து தட்டும்போது 65039 தானாகவே சேர்ந்து வரும். பழைய குறிப்பட்டியலிலிருந்து நகலெடுக்கும்போது வராது.

கோளாறைப் பார்த்தே காரணம் சொல்லலாம்

எமோஜி சரியாகத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், அதற்குப் பதிலாக என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பதிலிலேயே நோய் தெரிந்துவிடும்.

கட்டம் தெரிந்தால் எண் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது, அந்தக் கருவியில் படம்தான் இல்லை. கருவியைப் புதுப்பித்தால் சரியாகும். நீங்கள் திருத்த வேண்டியது ஒன்றுமில்லை. பலரும் பார்க்கும் அறிவிப்பு என்றால், அந்த ஆண்டு புதிதாக வந்த எமோஜிகளைத் தவிர்த்துவிடுங்கள். எல்லாப் போன்களுக்கும் அவை போய்ச் சேர ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும்.

தலையில் கொம்பும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால், தரவு சரி, படிக்கும் முறை தவறு. யுடிஎஃப்-8 கோப்பை வேறு குறியாக்கமாக நினைத்து யாரோ திறக்கிறார்கள். எக்செலில் சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போது தமிழும் எமோஜியும் ஒன்றாகச் சிதைவது இந்த வகை. சேமிக்கும்போதே 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தால் வராது.

கேள்விக்குறிகள் தெரிந்தால் நிலைமை மோசம். எங்கோ ஒரு கட்டத்தில், எமோஜியைத் தாங்க முடியாத குறியாக்கத்தில் சேமித்துவிட்டார்கள். மூல எண் அழிந்துவிட்டது, மீட்க வழியில்லை. பழைய நோட்பேடில் ஆன்சியாகச் சேமித்தால் ஒவ்வொரு எமோஜியும் இரண்டு கேள்விக்குறியாகும்.

நான்காவது பைட்

தமிழ்த் தளம் நடத்துபவர்களைத் தனியாகத் தாக்கும் கோளாறு ஒன்று உண்டு. தமிழ் பல ஆண்டுகளாகச் சரியாக ஓடியிருக்கும். யாரோ ஒருவர் பின்னூட்டத்தில் 😀 இட்டவுடன் தளம் பிழை காட்டும், அல்லது எமோஜி இருந்த இடத்தோடு பின்னூட்டம் அறுந்து நிற்கும்.

யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட், 😀 போன்ற எமோஜி 4 பைட். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வெறுமனே 'யுடிஎஃப்8' என்று பெயரிடப்பட்டிருந்த பழைய வகை 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் அதில் கச்சிதமாக அடங்கியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முழுமையான வகையின் பெயர் 'யுடிஎஃப்8எம்பி4'. 2010-இல் 5.5.3 பதிப்பில் வந்தது, 8.0 பதிப்பு முதல் அதுவே இயல்புநிலை.

மாற்றும் முன் முழுக் காப்புநகல் எடுங்கள். பிறகு தரவுத்தளம், ஒவ்வொரு அட்டவணை, நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பு ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். அட்டவணை மாறி இணைப்பு மாறாவிட்டால் எமோஜிகள் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். பழைய பதிப்புகளில், தேடலை விரைவாக்கும் குறிப்பகராதியின் (இன்டெக்ஸ்) உச்சவரம்பு 767 பைட். 255 எழுத்து நீளமுள்ள அட்டவணை நெடுவரிசை 3 பைட் கணக்கில் 765-இல் அடங்கியது. 4 பைட் கணக்கில் 191 எழுத்துதான் கொள்ளும். மாற்றும்போது 'கீ மிக நீளம்' என்ற பொருளில் பிழை வந்தால் காரணம் இதுதான், அந்த நெடுவரிசையின் குறிப்பகராதி நீளத்தை 191 ஆக்குங்கள்.

எண்ணிக்கையும் இப்படியே ஏமாற்றும். ஜாவாஸ்கிரிப்ட்டில் நீளம் கேட்டால் 😀 2 என்று வரும், 👩‍🌾 5 என்று வரும். 'முதல் 100 எழுத்து மட்டும் காட்டு' என்று வெட்டும் நிரல் ஓர் எமோஜியின் நடுவே வெட்டினால் நுனியில் � நிற்கும். அதே கத்தி 'நி'யையும் 'ந' ஆக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டிலுள்ள 'இன்ட்ல் செக்மென்ட்டர்' என்ற வசதி கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாக எண்ணித் தரும், தமிழுக்கும் எமோஜிக்கும் அதுவே சரியான கருவி.

குறுஞ்செய்திக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆங்கிலச் செய்தி ஒன்றுக்கு 160 எழுத்து. அதில் ஒரே ஓர் எமோஜி சேர்த்தாலும் வரம்பு 70 ஆகச் சுருங்கும், கட்டணம் இரட்டிக்கலாம். தமிழ்ச் செய்தி முன்பே 70 கணக்கில்தான் போகிறது, ஆகவே வரம்பு குறையாது. ஆனால் 'வணக்கம்' 7 இடம் எடுக்கும், அதன் பின் ஒரு 🙏 மேலும் 2 இடம்.

காதால் படிப்பவர்களுக்கு

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எமோஜியின் பெயரைச் சொல்லும். 🎉🎉🎉🎉🎉 என்று ஐந்து வைத்தால் சில வாசிப்பான்கள் ஐந்து முறையும் சொல்லும். வாக்கியத்தின் நடுவில் வைத்தால் வாக்கியம் அங்கே உடையும். ஆகவே ஒன்று வையுங்கள், வாக்கியம் முடிந்தபின் வையுங்கள். '📞 98...' என்று எழுதும்போது 'தொலைபேசி' என்ற சொல்லையும் எழுதுங்கள். சொல்லுக்குப் பதிலாக எமோஜி நிற்கக் கூடாது.

அலங்காரத்துக்கு மட்டும் வைத்த எமோஜியை ஸ்பான் குறிச்சொல்லில் இட்டு ஏரியா-ஹிட்டன் பண்பை ட்ரூ ஆக்கினால் வாசிப்பான் அதைத் தாண்டிப் போகும். பொருள் சுமக்கும் எமோஜி என்றால் ரோல் பண்பில் ஐஎம்ஜி என்றும், ஏரியா-லேபல் பண்பில் தமிழில் நீங்கள் விரும்பும் பெயரையும் இடுங்கள்.

இணைய முகவரியிலும் கோப்பின் பெயரிலும் எமோஜி வேண்டாம். முகவரியில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 9 குறிகளாக நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் எமோஜி 12 ஆகும். கடவுச்சொல்லிலும் வேண்டாம், எமோஜிப் பலகையே வராத உள்நுழைவுத் திரைகள் உண்டு.

ஒரே வரிச் சோதனை

புதுத் தளம், புதுப் படிவம், புது மின்னஞ்சல் கருவி எதுவானாலும் பொதுவில் விடும் முன் இந்த வரியை அதில் ஒட்டிச் சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள்:

நி க்‌ஷ 😀 ❤️ 👩‍🌾 🇱🇰 முடிந்தது

'நி' சிதைந்தால் யுடிஎஃப்-8 அறிவிப்பே இல்லை. 'க்‌ஷ' ஒட்டிக்கொண்டால் பிரிப்புக் குறியை ஏதோ துடைக்கிறது. 😀 இருக்கும் இடத்தோடு வரி அறுந்தால் தரவுத்தளம் 3 பைட் வகை. இதயம் கறுத்தால் 65039 தொலைந்துவிட்டது. விவசாயி பெண்ணாகவும் கதிராகவும் பிரிந்தால் 8205 போய்விட்டது, அல்லது கருவி பழையது. வேறொரு புதிய போனில் பார்த்தால் எது என்று தெரியும். கொடி மட்டும் இரண்டு ஆங்கில எழுத்துகளாக நின்றால் அது விண்டோஸின் இயல்பு, அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். 'முடிந்தது' என்ற சொல் வரியின் கடைசியில் முழுதாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.